நாலு விரற்கடை வெளியே

பிப்ரவரி 4, புதன்

நான்கு சக்கரம் வாங்கினால் ஒரு டைரி இலவசம் என்றார்கள் கோயம்புத்தூர்க் கடையில். அந்த டைரிதான் இது. அட்டையில் ஒரு ஜீப் பாறை மேல் ஏறி நிற்கிறது. முதல் பக்கத்தில் பெயர் எழுத ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதைக் காலியாக விட்டிருக்கிறேன். ஆறு வாரம் கழித்து அதில் 'பால்குடத்து வீரணன்' என்று எழுதுவதாகத் திட்டம்.

பின்னால் யாராவது படித்தால் விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன். எங்கள் வரையடிக்கோம்பைக்கு பஸ் கிடையாது. அடிவாரத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டரும் பாறையும் மண்ணும்தான். பதினெட்டு ஜீப்புகள் ஓடுகின்றன. பங்குனிப் பொங்கலன்று அடிவாரத்துத் தொழுவத்தில் கறந்த பாலை வெண்கலக் குடத்தில் கழுத்துக் கோடு வரை நிரப்பி, மேலே வனப்பேச்சி அம்மனுக்குக் கொண்டுபோக வேண்டும். முன்பு தலையில் சுமந்தார்கள், இப்போது ஜீப்பில். குடத்துக்கு மூடி போடக் கூடாது. ஓட்டுகிறவரின் மனைவி முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். வருடத்துக்கு ஒரு ஜீப் என்று முறை. ஒரு ஆளுக்குப் பதினெட்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். பால் கோட்டுக்குக் கீழே இறங்காமல் போய்ச் சேர்ந்தால் 'பால்குடத்து' என்ற பட்டம் ஆயுசுக்கும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். இந்த வருடம் என் முறை.

சிந்தினால் என்ன ஆகும் என்பதற்கு சிவனாண்டி அண்ணன் இருக்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மூன்றாவது கொண்டையூசி வளைவில் பாதிப் பால் அவர் மனைவி மடியில் கொட்டிவிட்டது. அன்றிலிருந்து அவர் பெயர் 'தயிர்'. சிவனாண்டி என்கிற பெயர் இப்போது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மனுக்குப் பால் கொண்டுபோகிற வண்டி பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா? அதனால்தான் இந்தச் சக்கரங்கள். பழையவை மட்கார்டுக்குள் ஒடுங்கி நிற்கும். இவை நாலு விரற்கடை வெளியே தள்ளி நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் வண்டி தோளை விரித்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கிறது. பழைய சக்கரங்களை அந்தக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொண்டேன்.

என் மனைவி பஞ்சவர்ணத்தின் தம்பி சௌந்திரபாண்டி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவனும் ஜீப் ஓட்டுகிறவன்தான். ஊர்வலத்தில் என் வண்டிக்கு அடுத்து அவன் வண்டி.

“மச்சான், சக்கரம் வெளிய தள்ளி நிக்குது. ஆஃப்செட்டு மாறிருச்சு. ஸ்டீயரிங் பேச்சு கேக்காது.”

“எனக்குக் கேக்கும் மாப்ள. ஒனக்குத்தான் ஒன் வீட்டு ஆடுகூடக் கேக்காது.”

சக்கரத்தை அச்சோடு முடுக்குகிற தட்டு, சக்கரத்தின் நட்டநடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதற்குப் பெயர் ஆஃப்செட்டாம். ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம் படித்துவிட்டு இவன் பண்ணுகிற அலட்டல் தாங்கவில்லை.

சாயங்காலம் பூஜை. பஞ்சவர்ணம் முற்றத்தில் இருக்கிற பழைய டயர்த் தடத்தின் மேல் நான்கு எலுமிச்சம்பழங்களை முன்கூட்டியே வைத்துவிட்டாள். நான் வண்டியைக் கம்பீரமாக உள்ளே விட்டேன். ஒரு பழமும் நசுங்கவில்லை. டயரின் ஓரம் பட்டு நான்கும் உருண்டு கோழிக்கூண்டுப் பக்கம் ஓடின. அவள் வைத்த இடம் தப்பு.

பிப்ரவரி 5, வியாழன்

மதியம் எலுமிச்சைச் சாதம். நான்கு பழமும் அதில்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

புதுச் சக்கரத்தோடு முதல் முழு நடை. மேலே மளிகைச் சாமான், இறங்கும்போது ஏலக்காய் மூட்டை. உள்ளதைச் சொல்கிறேன், பக்கச் சரிவில் வண்டி அப்படி நிற்கிறது! வழுக்குப்பாறையில் ஒரு பக்கம் சாய்ந்து போகும்போது பழைய சக்கரத்தில் நானும் எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்வேன். இன்று ஒன்றுமே தெரியவில்லை. காலை அகட்டி வைத்து நிற்கிறவனைத் தள்ள முடியுமா? சௌந்திரபாண்டியிடம் இதைச் சொன்னேன். “சாயுற எடத்துல நல்லாத்தான் நிக்கும் மச்சான், அதை நான் இல்லேன்னு சொல்லல” என்றான். அவ்வளவுதான், ஜெயித்தாயிற்று.

ஸ்டீயரிங் கொஞ்சம் கனமாக இருக்கிறது. நல்ல சாமான் எல்லாமே கனமாகத்தான் இருக்கும். நாலாவது வளைவில் ஒரு கல்லில் இடது சக்கரம் ஏறியபோது ஸ்டீயரிங் படக்கென்று தானாகத் திரும்பி என் கட்டைவிரலில் அடித்தது. கொஞ்சம் வீக்கம்.

பிப்ரவரி 11, புதன்

புதுச் சக்கரம் சேற்றை மட்கார்டுக்கு வெளியே வாரி இறைக்கிறது. பின்னால் உட்கார்ந்து வந்த பள்ளிக்கூட வாத்தியார் அடிவாரத்தில் ஏறும்போது வெள்ளைச் சட்டை. மேலே இறங்கும்போது காக்கி. கோபப்படாமல், “வீரணா, நாளைலருந்து நான் தயிர் வண்டில வந்துக்கறேன்” என்றார். அவர் எப்போதுமே கொஞ்சம் எளிதில் மனம் மாறுகிறவர்.

பிப்ரவரி 15, ஞாயிறு

முதல் ஒத்திகை. பாலுக்குப் பதில் தண்ணீர். பஞ்சவர்ணம் குடத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். ரெட்டைத் திட்டு தாண்டுவதற்குள் கால் குடம் காலி. ரெட்டைத் திட்டு என்பது ஓடைக்கு நடுவில் டயர் போவதற்கென்று போட்டிருக்கிற இரண்டு சிமென்ட் பட்டைகள். அதற்கு அப்புறம் அவளுடைய சேலைதான் குடம்.

“நீ கெட்டியாப் பிடிக்கல” என்றேன்.

“கொடத்த நான் பிடிச்சுக்கறேன். நீங்க வண்டியப் பிடிங்க” என்றாள்.

பிப்ரவரி 18, புதன்

கட்டைவிரலுக்கு மஞ்சள் பற்று. வலது கையிலும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இரண்டாவது ஒத்திகை. அரைக் குடம். பஞ்சவர்ணத்துக்குத் தும்மல்.

டீக்கடையில் சௌந்திரபாண்டி விடவில்லை. கடையின் தகரக் கதவைக் காட்டினான்.

“மச்சான், அந்தக் கதவ கீலு பக்கத்துல ஒரு வெரல வச்சுத் தள்ளுங்க.”

தள்ளினேன். அசையவில்லை.

“இப்ப ஓரத்துல தள்ளுங்க.”

ஒரே விரலுக்குக் கதவு பறந்தது. உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் முழங்கையில் பட்டு, அவர் என்னைத்தான் திட்டினார்.

“சக்கரம் திரும்புறதுக்கும் ஒரு கீலு இருக்கு. பழைய சக்கரம் அந்தக் கீலுக்குக் கிட்டவே நிக்கும். கல்லு வந்து முட்டுனா பெருசாத் தெரியாது. நீங்க நாலு வெரக்கட வெளிய தள்ளிட்டீங்க. இப்ப எந்தக் கல்லு முட்டுனாலும் கதவோட ஓரத்துல முட்டுன மாதிரிதான். அது அப்படியே உங்க கைக்கு வருது. பேரிங்குக்கும் அதே பாரந்தான். இன்னொன்னு, நம்ம ரோட்டுல பாறையில தடம் விழுந்திருக்குல்ல? நாப்பது வருசமா எல்லா ஜீப்பும் ஒரே அகலத்துல போயி விழுந்த தடம். உங்க சக்கரம் அந்தத் தடத்துல எறங்காம கரைமேல ஏறி ஏறி விழுகுது. தண்ணி தளும்பாம என்ன பண்ணும்?”

டீக்கடையில் ஏழு பேர் இருந்தார்கள். தயிரும் இருந்தார். எல்லோரும் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள்.

“பாடம் எடுக்கணும்னா பள்ளிக்கூடத்துக்குப் போ” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இனி அவனோடு பேச்சுவார்த்தை இல்லை. என் டீயையும் அவன்தான் குடித்திருப்பான்.

மார்ச் 1, ஞாயிறு

முன் இடது சக்கரத்திலிருந்து ஒரு 'ஊம்ம்' சத்தம். வண்டிக்கு உற்சாகம் வந்தால் அப்படித்தான்.

மார்ச் 2, திங்கள்

பேரிங் போயிற்று. புதியது போட்டாயிற்று. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி சக்கரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாததற்காக அவருக்கு நன்றி.

மார்ச் 5, வியாழன்

பஞ்சவர்ணம் இரண்டு நாளாக மத்தியானம் தம்பி வீட்டுக்குப் போகிறாள். போகும்போது கையில் தண்ணீர்க் குடம் இருக்கிறது. அவன் வீட்டில் குழாய் இருக்கிறது, இவள் எதற்குத் தண்ணீர் சுமக்கிறாள்? இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வருகிறாள். குடம் நிறைந்திருக்கிறது. சேலை நனையவில்லை. முகத்தில் ஒரு தெளிச்சி. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

மார்ச் 8, ஞாயிறு

மூன்றாவது ஒத்திகை. ரெட்டைத் திட்டில் முன் இடது சக்கரம் பட்டைக்கு வெளியே பிடியில்லாமல் தொங்கி, தொப்பென்று ஓடையில் இறங்கிவிட்டது. வண்டி ஒருச்சாய்ந்து நிற்கிறது. பஞ்சவர்ணம் காலிக் குடத்தோடு நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னால் வந்தது யாருடைய வண்டி என்று எழுத வேண்டியதில்லை. அவன் இறங்கினான், கயிறு கட்டினான், இழுத்தான், கயிற்றைச் சுருட்டினான், போய்விட்டான். நான் நன்றி சொல்லவில்லை. கயிறு அவனுடையது என்றாலும் கொக்கி என்னுடையதுதானே.

மார்ச் 12, வியாழன்

தயிர் வீடு தேடி வந்தார். கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம்.

“தம்பி, ஒன்பது வருசமா ஒத்தையிலயே கெடக்கேன். தொணைக்கு ஒரு ஆளு வரப்போகுதுன்னு கேள்விப்பட்டேன். டீக்கடையில ஒனக்குப் பேரு கூட வச்சாச்சு.”

“என்ன பேருண்ணே?”

“மோரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போகும்போது வாசலில் நின்று, வேறு குரலில் சொன்னார். “அந்தப் பேரு என்னைய ஒண்ணும் பண்ணல வீரணா. எம் பொண்டாட்டி அன்னைலருந்து முன்சீட்டுல ஏற மாட்டேங்குறா. அதுதான் எனக்குச் சங்கடம்.”

வாழைப்பழம் நல்ல ருசி. எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

ஒத்திகை இல்லை. பஞ்சவர்ணம் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. நான்தான் கூப்பிடவில்லை.

தோசை ஊற்றிக்கொண்டே அவளாகப் பேசினாள்.

“சௌந்திரம் வண்டில நாலு தடவ ஏறி எறங்கிட்டேன். ஒரு சொட்டு விழல. கொடம் பிடிக்கத் தெரியாதவ இல்ல நானு. அது உங்களுக்குத் தெரியணும்.”

“தெரியும்” என்றேன். தெரியும் என்பதை இப்போதுதான் எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

“அடுத்த மொற வரும்போது உங்களுக்கு அறுவத்திரண்டு. எனக்கு அம்பத்தெட்டு. கொடத்த வச்சுக்கிட்டு உக்கார இடுப்புல தெம்பு இருக்குமோ என்னமோ. நீங்க எந்தச் சக்கரத்துல ஓட்டுனாலும் அன்னைக்கு நான் பக்கத்துல உக்காருவேன். சிந்துனா சேந்து சிந்துவோம். ஆனா நீங்க அவன்கிட்டப் போயி ஒரு வார்த்த கேட்டா, ரெண்டு நாளைக்கு அவன் சக்கரத்தக் கழட்டிக் குடுப்பான். ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி அஞ்சு போல்ட்டு.”

தோசை தீய்ந்துவிட்டது. நான் அதையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 18, புதன்

மாப்பிள்ளை சௌந்திரபாண்டி வீட்டுக்குப் போனேன். மூன்று வாரத்துக்குப் பிறகு இன்றுதான் பேசினோம். ஆட்டுக்கு வந்திருக்கிற சளியைப் பற்றிப் பேசினோம். மழை பற்றி, ஜீப் சங்கத்துக் கொட்டகைக்கு ஓடு போடுவது பற்றி, மறுபடி ஆடு பற்றி. அவன் மனைவி காபி கொடுத்தாள். குடித்தேன். இன்னொரு காபி கொடுத்தாள். அதையும் குடித்தேன். சொல்லப் போனதைத் தவிர மிச்சம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

வாசல் வரைக்கும் வந்தான். “வேற ஒண்ணும் இல்லையே மச்சான்?”

“ஆட்டுக்குத் தூதுவளை குடு” என்றேன்.

மார்ச் 19, வியாழன்

நாளை விழா. மத்தியானம் வண்டியை முற்றத்தில் விட்டுவிட்டு ஊர்வல ஒழுங்கு பேசச் சங்கத்துக்குப் போனேன். முதல் வண்டி நான், பாலோடு. இரண்டாவது சௌந்திரபாண்டி, மேளக்காரர்களோடு. சங்கத் தலைவர் பேசும்போது அவன் இடத்தில் அவன் இல்லை.

நாலரைக்கு வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் வண்டி வழக்கம்போல நின்றது. வழக்கம்போல என்றால், போன ஜனவரி மாதத்து வழக்கம்போல. சக்கரங்கள் மட்கார்டுக்குள் ஒடுங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு எலுமிச்சம்பழம். பஞ்சவர்ணம் பூ கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

வண்டியில் ஏறி ஒரு முழம் முன்னால் எடுத்தேன். நான்கும் நசுங்கின. சத்தம்கூட ஒரே சத்தம்.

கீழே இறங்கிப் பார்த்தேன். போல்ட்டுகளை நான் முடுக்கினால் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. தெருக்கோடியில் அவன் வீட்டு வாசலில் அவன் ஜீப் தோளை விரித்துக்கொண்டு நிற்கிறது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவன் கொடுத்துவிட்டான். கேட்டிருந்தால் பரவாயில்லை. கேட்காமல் கொடுத்ததுதான் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதுகிறேன். கட்டைவிரல் வலிக்கவில்லை.

காலை ஏழு மணிக்குத் தொழுவத்தில் பால் ஊற்றினார்கள். கழுத்துக் கோட்டைத் தொட்டது. பஞ்சவர்ணம் மஞ்சள் சேலையில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு வேப்பங்கொத்து, நடுவில் பால், அவள் கை இரண்டும். “போலாம்” என்றாள்.

சக்கரம் தடத்தில் இறங்கியது. நாற்பது வருடத் தடம் வண்டியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது. கல் வந்தது, முட்டியது, ஸ்டீயரிங் சின்னதாகச் சிணுங்கி அடங்கியது. நான் பாதையையே பார்த்தேன். ஒவ்வொரு வளைவு முடிந்ததும் அவள் “ம்” என்றாள். அந்த “ம்” வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்றாவது வளைவில் தயிரும் அவர் மனைவியும் பாறை ஓரமாக நின்று கும்பிட்டார்கள். அங்கேயும் “ம்”. ரெட்டைத் திட்டில் டயர் பட்டையின் நடுவில் போனது. பின்னால் மேளம் கேட்டுக்கொண்டே வந்தது. திட்டு தாண்டியதும் மேளம் நின்றது. ஒரு தொப். அப்புறம் நாயனக்காரர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம்.

முறைப்படி பால் வண்டி நிற்கக் கூடாது. நான் நிறுத்தவில்லை. பஞ்சவர்ணத்தின் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்க அவளுக்குக் கை இல்லை.

கோயிலில் குடத்தை வாங்கி வைத்துத் தலைவர் குனிந்து பார்த்தார். கோட்டில் நின்றது பால். குலவை. மாலை. மைக். பட்டம் வாங்குகிறவர் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பது முறை. அதற்குள் சௌந்திரபாண்டி வண்டி வந்து சேர்ந்தது. மேளக்காரர்கள் இடுப்பு வரை ஓடைத் தண்ணீரில் நனைந்திருந்தார்கள். தவிலிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவன் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறான். கூட்டத்தில் யாரோ, “மோரு வந்துருச்சுடா!” என்று கத்த, ஊரே சிரித்தது. அவனும் சிரித்தான். என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு வைத்திருந்த பெயர் அது.

மைக்கை வாங்கினேன். “ஆத்தா முன்னாடி சொல்றேன். அவன் வண்டில கெடக்கறது என் சக்கரம். நாலு வெரக்கட வெளிய நிக்குது. வேணாம்னு மொத நாளே சொன்னான். கேக்கல. பேரிங்கு போனது, ஓடையில எறங்குனது, எம் பொண்டாட்டி மூணு தடவ நனைஞ்சது, எல்லாம் என் வீம்பு. நான் கேக்காமலே அவன் சக்கரத்த எனக்கு மாட்டிவிட்டுட்டு இத மாட்டிக்கிட்டு வந்திருக்கான். பாலு சிந்தாம வந்தது அவன் சக்கரத்துல. தப்பு என்னுது மாப்ள.”

தலைவர் தலையைச் சொறிந்தார். “வண்டி ஒன்னுது. சக்கரம் அவனுது. பட்டத்த யாருக்குக் கட்டுறது?”

“கொடம் எம் மடியிலதான் இருந்துச்சு” என்றாள் பஞ்சவர்ணம். மெதுவாகத்தான் சொன்னாள். மைக் என் கையில், அவளுக்குப் பக்கத்தில் இருந்ததால் மலை முழுக்கக் கேட்டது.

முதலில் குலவை போட்டது தயிர் அண்ணன் மனைவி. இறங்கும்போது அவர்கள் வண்டியில் அந்த அம்மா முன்சீட்டில் உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் சௌந்திரபாண்டியும் நானும் முற்றத்தில் உட்கார்ந்து சக்கரங்களை மாற்றினோம். அவன் கட்டைவிரல்களுக்கு நான்தான் மஞ்சள் பற்றுப் போட்டேன். போல்ட் முடுக்கியதும் நான்தான். அவன் பக்கத்தில் நின்று குறை சொன்னான். அந்தக் கோயம்புத்தூர்ச் சக்கரங்களை என்ன செய்வது என்று யோசித்தோம். சாய்வில் நன்றாகத்தான் நிற்கும், ஆனால் எங்கள் ஊர்ப் பாதை முழுக்கச் சாய்வு இல்லை. கடைசியில் இரண்டு கோழிக்கூண்டுக்கு அடியில் போயிற்று, இரண்டு அவன் ஆடு கட்டுகிற இடத்துக்கு. எனக்குப் பழைய அளவில் நான்கு சக்கரம் பார்த்துத் தருவதாக மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அவர் இன்று சிரித்தே விட்டார்.

டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து போய்த் தகரக் கதவைத் திறந்து வைத்து அதற்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தார். “வாங்க அகலம், டீயா காபியா?” என்றார். ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தரும் என்னை வீரணன் என்று கூப்பிடவில்லை. தயிர் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.

வீட்டில் 'பால்குடத்துப் பஞ்சவர்ணம்' தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். மூன்று பேர் இதுவரை வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதித்துத்தான் “என்ன?” என்கிறாள். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்றுதான்.

இந்த டைரியின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். கோடு இன்னும் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து எழுதினேன்: அகலம் வீரணன்.